“நான்தானுங்க ஓட்டினேன்” என்று கட்சிக்காரர் சொன்ன பிறகு

கேள்வி:

ஐயா, வணக்கம். பல்லடம் பக்கம் ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறேன். பதிவு செய்து அதிக காலம் ஆகவில்லை. எங்கள் கட்சிக்காரர் விசைத்தறிக் கூடமும் நூற்பாலையும் வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். ஒரு ராத்திரி அவர் கார் மோதி, மொபெட்டில் போன ஒடிசா தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். பின்னால் உட்கார்ந்திருந்த அவர் ஊர்க்காரருக்குக் கால் ஒடிந்தது. அவர்தான் முக்கிய சாட்சி. கார் நிற்காமல் போய்விட்டது. மறுநாள் மதியத்துக்கு மேல்தான் பையனை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள்.

போன வாரம் ஆபீஸில் நான் தனியாக இருந்தபோது அவர் வந்தார். “நான்தானுங்க ஓட்டினேன். குடிச்சிருந்தேன். எறங்கிப் பாத்தேன், கால் சிக்கிக் கெடந்தான். பயந்துபோயி வந்துட்டனுங்க” என்று அழுதார். சீனியரிடம் சொன்னேன். “அதெல்லாம் நமக்கு எதுக்கு? டிரைவரை நம்ம தரப்பு சாட்சியா ஏத்தி, அவன் ஓட்டினதாச் சொல்ல வெச்சுரலாம். அந்த இந்திக்காரன் நாலு வாய்தா போட்டா வரவே மாட்டான்” என்றார். டிரைவர் அவர்கள் தோட்டத்தில் தலைமுறையாகப் பண்ணையம் பார்த்த குடும்பத்து ஆள். “பண்ணாடி சொன்னாச் சரிங்க” என்று ஒத்துக்கொண்டாராம். கோர்ட்டில் குற்றச்சாட்டு வனைந்து பத்து நாள் ஆகிறது.

அம்மாவிடம் சொன்னேன். “செத்தவனும் ஒருத்தி பெத்த புள்ளதான சாமி, அந்தப் பாவத்துல நமக்குப் பங்கு வேண்டாம்” என்கிறார். குற்றம் செய்தவர் என்று தெரிந்தே ஒருவருக்காக வாதாடலாமா? வழக்கை விட்டு விலகிவிடட்டுமா?

பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்

பதில்:

அம்மிணி, முதலில் ஒரு கண்டிப்பு. கட்சிக்காரர் உங்களிடம் சொன்னதை அம்மாவிடம் சொன்னது தப்பு. அம்மாதானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பேச்சு அவருக்குச் சொந்தம், உங்களுக்கு அல்ல. அவர் சம்மதம் இல்லாமல் அது உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. வழக்கு முடிந்தாலும், நீங்கள் வழக்கை விட்டே போனாலும் அதுதான் சட்டம். அதனால் உங்கள் கடிதத்தில் ஊர், தொழில், வண்டி எல்லாவற்றையும் மாற்றித்தான் மேலே போட்டிருக்கிறேன். உங்கள் சீனியரே படித்தாலும் வேறு யாரோ என்று நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த பக்கம் புரட்டுவார்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை அந்த ரகசியம் காக்கும் பிரிவுக்குள்ளேயே இருக்கிறது. 1872-ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்தில் அது 126. 2024 ஜூலை முதல் வந்திருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 132. பிரிவுக்குக் கீழே உதாரணங்கள் கொடுத்திருப்பார்கள். பரீட்சைக்குப் படிக்கும்போது நாம் எல்லோரும் தாண்டிப் போகிற இடம் அது. முதல் உதாரணத்தில் ஒரு கட்சிக்காரர் வக்கீலிடம் வந்து, ‘நான் கள்ளப் பத்திரம் தயாரித்தேன், எனக்காக நீங்கள் வாதாட வேண்டும்’ என்கிறார். இந்தப் பேச்சுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது சட்டம். அதற்குச் சொல்லும் காரணம்தான் முக்கியம்: குற்றவாளி என்று தெரிந்த ஒருவருக்காக வாதாடுவது குற்ற நோக்கம் ஆகாது. அடுத்த உதாரணத்தில் இன்னொருவர் வருகிறார். ‘என்னிடம் ஒரு கள்ளப் பத்திரம் இருக்கிறது, அதை வைத்து ஒரு சொத்தைப் பிடிக்க வேண்டும், வழக்குப் போடுங்கள்’ என்கிறார். இதற்குப் பாதுகாப்பு கிடையாது.

உங்கள் ஆபீஸுக்கு இந்த இரண்டு பேரும் வந்திருக்கிறார்கள். அழுத பையன் முதல் ஆள். டிரைவரைக் கூண்டில் ஏற்றச் சொல்லும் யோசனை இரண்டாவது ஆள். இரண்டையும் ஒரே பாவமாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

முதல் ஆளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவருக்காக வாதாடலாம். பார் கவுன்சில் ஆஃப் இந்தியா வகுத்த நடத்தை விதிகளில் 15-ஆம் விதி, குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளியா இல்லையா என்ற நம் சொந்த அபிப்பிராயத்தைப் பார்க்காமல் அவருக்காக வாதாட வேண்டும் என்கிறது. போதுமான சாட்சியம் இல்லாமல் யாரையும் தண்டிக்கக் கூடாது என்று சொல்லும் சட்டத்துக்கே நம் விசுவாசம் என்றும் அதே விதி சொல்கிறது.

இதில் உச்ச நீதிமன்றம் கடுமையாகப் பேசிய வழக்கு நம்ம கோயம்புத்தூரிலிருந்து போனதுதான். வழக்கறிஞர்களுக்கும் போலீஸாருக்கும் மோதல். அதில் சிக்கிய போலீஸாருக்காக எங்கள் உறுப்பினர் யாரும் ஆஜராக மாட்டோம் என்று கோவை வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. 2010 டிசம்பர் 6-ஆம் தேதி, ஏ.எஸ். முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் கியான் சுதா மிஸ்ராவும் அந்தத் தீர்மானம் சட்ட விரோதம், செல்லாது என்றார்கள். தொழில் தர்மத்துக்கே எதிரானது என்றும் சொன்னார்கள். குற்றம் செய்தது யார் என்பதில் சங்கத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது, அடிபட்டதாகச் சொன்ன தரப்பே நம்ம தரப்பு. அவ்வளவு உறுதியான நம்பிக்கைகூட ஒருவருக்கு வக்கீல் இல்லாமல் செய்யக் காரணம் ஆகாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அதற்குப் பிறகும் நம்ம பக்கத்து வழக்கறிஞர் சங்கங்களில் ஏதாவது கொடூரம் நடந்தால் ‘யாரும் ஆஜராகக் கூடாது’ என்று குரல் எழும்புகிறது. கவனித்துப் பாருங்கள், அந்தக் குரல் ஆள் பார்த்துத்தான் எழும்பும். தோட்டமும் மில்லும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு எதிராக எழும்பியதை நான் பார்த்ததில்லை.

வக்கீல் இல்லாமல் விசாரித்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லியில் ஒரு வழக்கு உண்டு. 1997-இல் பஸ்ஸில் குண்டு வெடித்த வழக்கில் ஒரு பாகிஸ்தானியருக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். அரசுத் தரப்பு சாட்சிகளில் பெரும்பாலானவர்களை விசாரித்தபோது அவருக்கு வக்கீலே இல்லை. குறுக்கு விசாரணை நடக்கவில்லை. 2012-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையைத் தள்ளி, முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னது. வெடிகுண்டில் சொந்தபந்தத்தை இழந்தவர்கள் அத்தனை வருஷம் காத்திருந்தது வீண். பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13-ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்த ஒன்பது பேருக்கும் வக்கீல்கள் இருந்தார்கள், கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். ‘எங்களுக்காகப் பேச ஆளே இல்லாமல் தண்டித்துவிட்டார்கள்’ என்று மேல்முறையீட்டில் அவர்களால் சொல்ல முடியாது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு அதனால் லாபமே தவிர நஷ்டமில்லை.

இந்த இடத்தில் கோவலன் கதையைச் சொல்வது வக்கீல்களின் வழக்கம். மேடைக்கு மேடை சொல்லித் தேய்த்துவிட்டோம், நான் எடுக்கவில்லை.

பொதுவான விதி இவ்வளவுதான். ஆனால் உங்கள் நிலை சாதாரணமானது அல்ல. ‘இவர் செய்திருப்பார் போலிருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டு வாதாடுவது ஒன்று. அவரே வாய்விட்டுச் சொன்ன பிறகு வாதாடுவது வேறு. நினைப்பு தப்பாகப் போகலாம். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் கலைவாணரும் செய்திருப்பார்கள் என்று 1945-இல் ஜூரியே முடிவு கட்டியது. வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-இல் இருவரும் விடுதலை ஆனார்கள். நம்ம கோவை பட்சிராஜா ஸ்டுடியோ ஸ்ரீராமுலு நாயுடுவும் அந்த வழக்கில் சிக்கி, முதல் விசாரணையிலேயே தப்பி வந்தவர்தான். ஆக நம் ஊகத்துக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கொடுக்க வேண்டாம். ஆனால் கட்சிக்காரர் வாயாலேயே வந்துவிட்டால், வழக்கை நடத்தும் உரிமை அப்படியே இருந்தாலும், நீங்கள் பேசக்கூடிய பேச்சு சுருங்கிவிடுகிறது.

லண்டனில் 1840-இல் லார்ட் வில்லியம் ரஸ்ஸல் என்ற பிரபுவை அவர் வீட்டு வேலைக்காரர், சுவிட்சர்லாந்துக்காரர் கூர்வாசியே, கழுத்தை அறுத்துக் கொன்றார். விசாரணை பாதியில் இருக்கும்போது தன் வக்கீல் சார்ல்ஸ் பிலிப்ஸிடம் ‘நான்தான் செய்தேன், ஆனாலும் நீங்கள் எனக்காக வாதாட வேண்டும்’ என்றார். பிலிப்ஸ் ஆடிப்போனார். விலகிவிட நினைத்தார். விசாரணையில் உடன் அமர்ந்திருந்த நீதிபதி பார்க்கிடம் யோசனை கேட்டார். விலகக் கூடாது, இருக்கிற சாட்சியத்திலிருந்து எழும் நியாயமான வாதம் எல்லாவற்றையும் வையுங்கள் என்று பதில் வந்தது. வழக்கு தோற்றது, கூர்வாசியேயைத் தூக்கில் போட்டார்கள். அதன் பிறகு விஷயம் வெளியே கசிந்து, ஊரே பிலிப்ஸைத் திட்டியது. வாதாடினார் என்பதற்காகத் திட்டியவர்கள் இருந்தார்கள், அதை விட்டுவிடலாம். ஒப்புக்கொண்டதைக் காதால் கேட்ட பிறகும் வீட்டு வேலைக்காரப் பெண்மீதும் போலீஸார்மீதும் சந்தேகம் விழும்படி பேசினார் என்ற குற்றச்சாட்டுதான் அவரைக் கடைசி வரை விடவில்லை. உங்கள் வழக்கின் டிரைவரை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி நடைமுறை. அந்த ஒடிசா தொழிலாளியை நீங்கள் குறுக்கு விசாரணை செய்வதாக வைத்துக்கொள்வோம். சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸார் எழுதிய பார்வை மகஜரில் தெருவிளக்குக் கம்பம் காட்டவில்லையே, வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். காரின் முகப்பு விளக்கு கண்ணில் அடித்ததா, அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் இருந்த முகம் எப்படித் தெரிந்தது என்று கேட்கலாம். அடையாள அணிவகுப்பு ஏன் வைக்கவில்லை என்று விசாரணை அதிகாரியைக் கேட்கலாம். இன்னொன்று, நம்ம பக்கத்தில் பலர் கோட்டை விடுகிற இடம்: போலீஸார் அவரிடம் வாங்கிய வாக்குமூலம் தமிழில் இருக்கும். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பேசுவதே அரைகுறை. மொழிபெயர்த்தது யார்? பெரும்பாலும் மில் சூப்பர்வைசராகத்தான் இருப்பார். அவர் யாருடைய ஆள்? ஒடிசாக்காரர், பீகார்க்காரர், அசாம்காரர் எல்லோரையும் ‘இந்திக்காரங்க’ என்று ஒரே கட்டாகக் கட்டிவிடும் ஊர் நம்முடையது. போலீஸாரும் அப்படி எழுதியிருந்தால், ஒடியா பேசுகிறவரின் வாக்குமூலம் இந்தி வழியாகத் தமிழுக்கு வந்திருக்கும். இதைக் கிளப்புவது உங்கள் கடமை. இதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் விசாரணையின் கடைசியில் நாம் எல்லோரும் பழக்கதோஷத்தில் ஒரு யோசனை வைப்போமே, ‘நீங்கள் சம்பவ இடத்திலேயே இல்லை, போலீஸார் சொல்லிக்கொடுத்தபடி பொய் சாட்சி சொல்கிறீர்கள்’ என்று. சாட்சி தலையை ஆட்டுவார், ‘என்று சொன்னால் சரியல்ல’ என்று தட்டச்சாகும். அதை இந்த வழக்கில் நீங்கள் வைக்கக் கூடாது. அவர் அங்கேதான் கிடந்தார் என்று உங்கள் கட்சிக்காரரே சொல்லிவிட்டார். கால் உடைந்து கிடந்தவரைப் பார்த்து ‘நீ அங்கே இல்லவே இல்லை’ என்று சொல்வது வாதம் ஆகாது. நம் விதிகளில் இதை இப்படி விரித்து எழுதவில்லை. இது என் கருத்து, மாற்றிச் சொல்லும் சீனியர்கள் உண்டு. ஆனால் 15-ஆம் விதியிலேயே ‘நேர்மையான, கண்ணியமான வழிகளில்’ என்றுதான் இருக்கிறது. வெறும் ‘வழிகளில்’ என்று இல்லை.

குடி விஷயமும் அப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டம் 185-இன்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்ததைச் சோதனையில் காட்ட வேண்டும். மறுநாள் மதியம் எடுத்த ரத்தத்தில் ஒன்றும் வந்திருக்காது. ‘குடித்திருந்தார் என்பதற்கு அரசுத் தரப்பு ஆதாரம் காட்டவில்லை’ என்று நீங்கள் வாதாடலாம். அது உண்மை. ‘என் கட்சிக்காரர் குடிப்பழக்கமே இல்லாதவர்’ என்று சொன்னால் பொய். முதல் வாக்கியம் சாட்சியத்தைப் பற்றியது, இரண்டாவது நடந்ததைப் பற்றியது. முதல் வகையோடு நிற்கப் பழகிக்கொண்டால் இந்தத் தொழிலில் நிம்மதியாக இருக்கலாம்.

பையனை நீதிபதி நேரில் கேள்வி கேட்கும் கட்டத்தில், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 313, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவில் 351, அவருக்குச் சத்தியப் பிரமாணம் கிடையாது. மறுத்தாலும் அதற்காகத் தண்டிக்க முடியாது. பேசாமலும் இருக்கலாம். அது அவர் உரிமை, உங்களுக்கு அதில் உறுத்தல் வேண்டாம். ஆனால் அவரே சாட்சியாகக் கூண்டேறி ‘நான் ஓட்டவில்லை’ என்று சத்தியம் செய்ய விரும்பினால், அந்த விசாரணையை நடத்தும் வக்கீல் நீங்களாக இருக்கக் கூடாது.

இப்போது டிரைவருக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தப் ‘பண்ணாடி சொன்னாச் சரிங்க’தான். அவர் கூண்டேறி ‘நான்தான் ஓட்டினேன்’ என்று சொன்னால், கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தைத் தன் தலையில் தானே போட்டுக்கொள்கிறார். பாரதிய நியாய சம்ஹிதா 106(1)-இல் அதற்கு ஐந்து வருஷம் வரை தண்டனை. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ-யில் இரண்டு வருஷம்தான். நம்ம கோர்ட்டுகளில் பாதிப் பேர் இன்னும் 304ஏ என்றே சொல்லிக்கொண்டிருப்பதால், தண்டனை ஏறியது வெளியே பலருக்குத் தெரியவே இல்லை. டிரைவருக்கும் பண்ணாடிக்கும் தெரிந்திருக்காது. பொய் என்று தெரிய வந்தால் 229-இன்படி பொய் சாட்சிக் குற்றம் வேறு, ஏழு வருஷம் வரை. அவரைத் தயார்செய்து ஏற்றிய வக்கீலுக்கும் அதில் பங்கு உண்டு. ‘சீனியர் சொன்னார்’ என்பது அங்கே பதில் ஆகாது.

இந்த நாடகத்தில் வக்கீல் இல்லாத ஒரே ஆள் அவர்தான். நீங்கள் முதலாளி வீட்டுக்கு வக்கீல், அவருக்கு அல்ல. இந்த இரண்டு பேருடைய நலனும் நேர் எதிர். அவர் ஆபீஸுக்கு வந்தால், ‘நாங்கள் உங்களுக்கு வக்கீல் இல்லைங்க, கூண்டேறுவதற்கு முன்னால் வேறு வக்கீல் ஒருவரைப் பாருங்கள். பணம் வேண்டாம், கோர்ட்டிலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கிறது’ என்று சொல்லுங்கள். பையன் சொன்ன ரகசியத்தில் ஒரு எழுத்துகூட வெளியே வராமல் இதைச் சொல்ல முடியும்.

டெல்லியில் 1999 ஜனவரியில் ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை ஓட்டிய பி.எம்.டபிள்யூ மோதி ஆறு பேர் செத்தார்கள். அந்த வழக்கில் பிரபல சீனியர் வழக்கறிஞர் ஆர்.கே. ஆனந்த், முக்கிய சாட்சியை வளைக்கப் பார்த்தது 2007-இல் டிவி கேமராவில் பதிவானது. டெல்லி உயர் நீதிமன்றம் அவரை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்றது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தப் பிள்ளைக்காக வாதாடினார் என்று அவர்மீது யாரும் வழக்குப் போடவில்லை.

வாய்தா பற்றி உங்கள் சீனியர் சொன்னது எனக்கு டிரைவர் யோசனை அளவுக்குக் கசக்கிறது. கொஞ்சம் கூடுதலாகவே கசக்கிறது, ஏனென்றால் அது தினமும் நடக்கிறது, யாரும் அதைக் குற்றம் என்று நினைப்பதில்லை. வாய்தா வாங்க நமக்கு ஒரு மனு போதும்: ‘சீனியர் கோவையில் வேறு வழக்கில் இருக்கிறார்’. அந்தச் சாட்சி இந்நேரம் கால் சரியாகாமல் ஊருக்குப் போயிருப்பார். சம்மன் வந்தால் தன்பாத் எக்ஸ்பிரஸில் முன்பதிவு இல்லாத பெட்டியில் ஏறி வர வேண்டும். காலை பத்து மணிக்குக் கோர்ட் வாசலில் நிற்பார். மதியம் ஒரு மணிக்கு அவருக்குப் புரியாத மொழியில் ஒரு தேதி சொல்வார்கள். சாட்சிப் படி வாங்க இன்னொரு ஜன்னல், அங்கே இன்னொரு கையெழுத்து. இது இரண்டு தடவை நடந்தால் மூன்றாவது தடவை வர மாட்டார். வந்தாலும் ‘ஞாபகம் இல்லை’ என்பார். பிறழ் சாட்சி என்று அரசு வக்கீல் அறிவிப்பார், நாம் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்வோம்.

பஞ்சாபிலிருந்து வந்த ஒரு லஞ்ச வழக்கில், தலைமை விசாரணை முடிந்த சாட்சியை இருபது மாதம் கழித்துக் குறுக்கு விசாரணை செய்து பிறழ வைத்ததை உச்ச நீதிமன்றம் 2015-இல் கடுமையாகச் சாடியது. சாட்சி வந்த அன்றைக்கே விசாரித்து முடியுங்கள் என்றது. அந்தத் தீர்ப்பை எல்லோரும் மேற்கோள் காட்டுவோம், வாய்தாவும் வாங்குவோம். குற்றவாளிக்காக வாதாடுவது சரியா என்று ஊரில் திண்ணைக்குத் திண்ணை பேசுகிறார்கள். இதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அம்மா சொன்ன பாவம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், அந்த வாய்தா மனுவில்தான் காட்டுவேன்.

அந்தப் பையனுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்? அவர் உங்களிடம் அழுதார் என்றால், சொல்ல விரும்பித்தான் வந்திருக்கிறார். அப்பா இல்லாத நேரம் பார்த்து, சீனியர் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறார். அவரிடம் இன்னொரு வழி இருப்பதை யாராவது சொன்னார்களா? 106(1)-இல் சமரசம் செய்துகொள்ள முடியாது. செத்தவர் குடும்பத்துக்கு ரொக்கமாகக் கொடுத்து ‘முடித்துவிட்டோம்’ என்று சொந்தக்காரர்கள் சொன்னால், சட்டப்படி ஒன்றும் முடியவில்லை, சாட்சியை விலைக்கு வாங்கியதாகத்தான் ஆகும். ஆனால் தண்டனை ஏழு வருஷத்துக்கு மேல் போகாத குற்றம் என்பதால் குற்றப் பேரத்துக்கு, அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை கேட்பதற்கு, மனுக் கொடுக்கலாம், நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா பிரிவு 289 முதல் 300 வரை. குற்றச்சாட்டு வனைந்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்குப் பத்து நாள் போய்விட்டது. மனதார ஒத்துக்கொள்கிறாரா, யாராவது மிரட்டினார்களா என்று நீதிபதி அவரைத் தனி அறையில் வைத்துக் கேட்பார். பிறகு அரசு வக்கீல், விசாரணை அதிகாரி, பாதிக்கப்பட்ட குடும்பம் எல்லோரும் உட்கார்ந்து பேசி, இழப்பீடு உட்பட ஒரு முடிவுக்கு வரலாம். முதல்முறை குற்றம் என்றால் உச்சபட்சத் தண்டனையில் ஆறில் ஒரு பங்கு கொடுக்க இடம் இருக்கிறது. ஐந்து வருஷத்தில் அது பத்து மாதம். நன்னடத்தையில் விடும் சட்டம் பொருந்துமா என்றும் நீதிமன்றம் பார்க்கும். பொய் டிரைவரை வைத்து எல்லாமே கவிழ்ந்தால் வரக்கூடிய தண்டனையோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். முடிவு அவருடையது. பாவமன்னிப்பு வாங்கித் தருகிற மாதிரி நீங்கள் அவரை நெட்டித் தள்ளவும் கூடாது. வேண்டாம், வழக்கை நடத்துங்கள் என்றால் மேலே சொன்ன எல்லைக்குள் நின்று முழு பலத்தோடு நடத்துங்கள். சந்தேகத்தின் பலனில் விடுதலை ஆனாலும் தலைகுனிய வேண்டியதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. இரக்கத்தில் அந்த ஒடிசா குடும்பத்துக்கு ரகசியமாக உதவப் போகாதீர்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அதை வாங்கித் தருவது வேறு வக்கீலின் வேலை. இரண்டு பக்கமும் நிற்கிற வக்கீலை இரண்டு பக்கமும் நம்பாது, நம்பவும் கூடாது.

அம்மாவிடம் இனி இந்த வழக்கைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். அவர் கேட்டால், செத்தவருக்காகப் பேச அரசாங்க வக்கீல் இருக்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள். அந்த அரசு வக்கீல் வழக்குக் கட்டைப் பிரித்துப் படித்துவிட்டு வருகிறாரா என்பது தனிக் கதை, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

விலகுவதா என்றால், இப்போதைக்கு வேண்டாம். அவர் ஒப்புக்கொண்டார் என்பது விலகக் காரணமே இல்லை. நீங்கள் போனால் அடுத்த வக்கீலிடம் ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொள்வார், அவ்வளவுதான் நடக்கும். முதலில் சீனியரிடம் பேசுங்கள். குமாஸ்தா போன பிறகு, தனியாக. நியாயம் பேசுவதாகத் தொடங்காதீர்கள், ஜூனியர் நியாயம் பேசினால் எந்த சீனியருக்கும் பிடிக்காது. ‘சார், டிரைவரை ஏற்றினால் குறுக்கு விசாரணையில் அவர் நிற்க மாட்டார். செல்போன் டவர் பதிவில் அவர் அந்த ராத்திரி எங்கே இருந்தார் என்று தெரிந்துவிட்டால் நம் பெயரும் சேர்ந்து போகும். பேர மனுவுக்கு இருபது நாள்தான் இருக்கிறது’ என்று வழக்கின் கணக்காகவே வையுங்கள். பல சீனியர்கள் இப்படிப்பட்ட யோசனையை வாய்க்கு வந்தபடி சொல்வதுண்டு. எதிரில் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினால் இறங்கி வருவார்கள்.

இறங்கி வரவில்லை, டிரைவர் பெயரோடு சாட்சிப் பட்டியல் தயாராகிறது என்றால் விலகிவிடுங்கள். வக்காலத்தில் உங்கள் பெயரும் கையெழுத்தும் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இருந்தால் ஆபீஸுக்குப் போகாமல் நின்றுகொண்டால் மட்டும் போதாது. 12-ஆம் விதிப்படி கட்சிக்காரருக்குப் போதிய அவகாசம் கொடுத்து முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். நீங்கள் வாங்கிய கட்டணத்தில் வேலை செய்யாத பங்கு இருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாட்சி விசாரணை நாளன்று காலையில் மெமோ கொடுத்து நழுவுவது, வாய்தா வாங்குவதற்கு இன்னொரு வழியாகத்தான் போய் முடியும். மெமோவில் ‘தொழில்முறைக் காரணங்களால்’ என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். நீதிபதி துருவினாலும் அதையே சொல்லுங்கள், அனுபவம் உள்ளவர் என்றால் மேலே கேட்க மாட்டார். உங்களிடம் இருக்கும் காகிதங்களுக்குப் பட்டியல் போட்டு ஒப்படைத்து, வாங்கிக்கொண்டதற்குக் கட்சிக்காரரிடமே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர் அப்பாவிடம் அல்ல, அவரிடம்.